மூன்றாம் தண்ணீர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனி. அங்கே பதினேழு வருடமாகப் பெருக்கித் துடைக்கிறாள் வேம்புலியம்மாள். மேனேஜருக்கு இன்னும் அவள் பெயர் தெரியாது, 'ஹவுஸ்கீப்பிங் அம்மா' என்றுதான் கூப்பிடுவார். அதற்கெல்லாம் முகம் சுளிக்கிற ஆள் அவள் இல்லை. சிறு வயதில் சென்னீர்குப்பத்தில் கூலிக்கு நாற்று நட்டவள். அந்த வயல்கள் இருந்த இடத்தில் இப்போது கிடங்குகள் நிற்கின்றன. அவளுக்கு அதில் ஏக்கம் ஒன்றும் கிடையாது. நாற்று நடுவதைவிடக் கம்பெனி கக்கூஸ் கழுவுவது முதுகுக்கு நல்லது, தலைக்கு மேல் கூரையும் இருக்கிறது என்பாள்.

புருஷன் துலுக்கானம் லாரிக்கு லோடு ஏற்றியவர். மகள் யுவராணி ஒன்பதாவது படிக்கும்போது நெஞ்சு வலியில் போய்விட்டார். அதன்பிறகு தாயும் மகளும்தான். யுவராணி பன்னிரண்டாவது முடித்துவிட்டு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையலுக்குப் போனாள். காலர் வைப்பதில் அவள் கை வேகத்துக்கு லைனில் இன்னொருத்தி கிடையாது. இருபத்தெட்டு வயதில் கல்யாணம் ஆயிற்று. அடுத்த வருடம் வயிறு மேடிட்டது. கர்ப்பம் என்று நினைத்து வேம்புலியம்மாள் தெருவுக்கெல்லாம் சொல்லியும் விட்டாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் உள்ளே குழந்தை இல்லை, சினைப்பையில் கட்டி.

கர்ப்பப்பையோடு சேர்த்து எல்லாவற்றையும் எடுத்தார்கள். கீமோ கொடுத்தார்கள். மருமகன் அரவிந்தன் ஆறு மாதம் கூட இருந்தான், பிறகு இல்லை. அவனைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

மூன்று வருடம் நிம்மதி. பிறகு கட்டி திரும்பி வந்தது. மறுபடி ஆபரேஷன், மறுபடி கீமோ, மறுபடி கொஞ்ச நாள் நிம்மதி. மூன்றாம் முறை வந்தபோது நகரத்தில் இருக்கிற அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் டாக்டர் ரேணுகா தாயையும் மகளையும் உட்காரவைத்துப் பேசினார். யுவராணிக்கு வந்திருப்பது மெதுவாக வளர்கிற வகை, கீமோவுக்குச் சரியாக மசியாத வகை. இரண்டு புது மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் நோய் வேறு வழி பார்த்துக்கொள்கிறது, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டு வழியும் அடையுமா என்று பார்க்கிறார்கள். யாருக்குப் பழைய மருந்து, யாருக்குப் புது ஜோடி என்பதைக் கம்ப்யூட்டர்தான் சீட்டுப் போட்டுச் சொல்லும்.

"கொணமாயிடுமா மேடம்?" என்று கேட்டாள் வேம்புலியம்மாள்.

"அது தெரியாததாலதான்மா சோதிக்கிறோம்" என்றார் டாக்டர்.

யுவராணி ஒப்புதல் படிவத்தின் இருபத்திரண்டு பக்கத்தையும் வரி விடாமல் படித்துக் கையெழுத்துப் போட்டாள். பொங்கல் முடிந்த மறுவாரம் சீட்டு விழுந்தது, புது ஜோடி. காலையிலும் மாலையிலும் ஒரு வெள்ளை மாத்திரை. செவ்வாயும் வெள்ளியும் ஒரு மஞ்சள் கேப்சூல். கடையில் இன்னும் வராத மருந்துகள்.

இந்த ஆய்வில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்குப் பெயர் காவ்யா. ஆவடியில் டிபன்ஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், நறுக்கென்று பேசுவாள். கட்டம் கட்டமாக அச்சடித்த ஒரு சின்ன நோட்டைக் கொடுத்து, மாத்திரை போட்டதும் அந்த வேளைக் கட்டத்தில் டிக் அடிக்கச் சொன்னாள். மாதம் ஒருமுறை வரும்போது நோட்டும் வரவேண்டும், மிச்ச மாத்திரையோடு டப்பாவும் வரவேண்டும், அவள் எண்ணிப் பார்ப்பாள்.

"வயித்துப்போக்கு ஆகலாம், வாய்ப்புண் வரலாம். சின்னப் பொண்ணுங்களுக்கு வர்ற மாதிரி முகத்துல பரு வரலாம். எது வந்தாலும் எனக்குப் போன் பண்ணுங்க" என்றாள் காவ்யா.

"முப்பத்தாறு வயசுல பருவா?" என்று யுவராணி சிரித்தாள். "வரட்டும் மேடம். பாக்கறவங்களுக்கு வயசு கொறைவா தெரியும்."

முதல் மாதம் ஒரு மாத்திரை மறந்து போயிற்று. காவ்யா எண்ணிப் பார்த்து, ஒன்று கூடுதலாக இருக்கிறதே, எந்த நாள், எந்த வேளை என்று துருவித் துருவிக் கேட்டு எழுதிக்கொண்டாள். அது அவள் வேலை, அதில் கோபம் ஒன்றுமில்லை. ஆனால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் வேம்புலியம்மாள் காதில் ஓதிவிட்டாள்: "ஒயுங்கா துன்னலன்னு தெரிஞ்சா பேர எட்த்துடுவாங்க. சாக்கிரத."

பங்குனியில் முதல் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி மூன்றில் ஒரு பங்கு சுருங்கியிருந்தது. டாக்டர் ரேணுகா படத்தைத் திருப்பிக் காட்டி, இங்கே இவ்வளவு இருந்தது, இப்போது இவ்வளவு என்று விரலால் அளந்தார். வேம்புலியம்மாளுக்குப் படத்தில் ஒன்றும் புரியவில்லை. டாக்டரின் இரண்டு விரலுக்கு நடுவே இருந்த இடைவெளிதான் புரிந்தது. வீட்டுக்கு வரும் வழியில் பூந்தமல்லி பஸ் நிலையத்தில் இறங்கியதும் யுவராணி பரோட்டா வேண்டும் என்றாள். எட்டு மாதமாக எதையும் தானாகக் கேட்டுச் சாப்பிடாதவள். மெட்ரோ தூணுக்குப் பக்கத்துக் கடையில் மூன்று பரோட்டா சாப்பிட்டாள். வேம்புலியம்மாள் டீயைக் குடிக்காமல் அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் மூலையில் கிடந்த தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு, தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைக்க ஆரம்பித்தாள் யுவராணி.

சித்திரை பிறந்தது. அந்த வாரச் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் அடுத்த மாதத்து மருந்தை வாங்கி வந்தார்கள். வியாழக்கிழமை காலை யுவராணியின் நெற்றியிலும் கன்னத்திலும் சின்னச் சின்னதாகக் கொப்புளம். மத்தியானத்துக்குள் மார்பிலும் முதுகிலும். சாயங்காலம் கொப்புளங்களில் சீழ் கோத்துக்கொண்டது, உடம்பு சுட்டது.

அந்த வாரம் தெருவில் இரண்டு வீட்டுக் குழந்தைகளுக்கு அம்மை. எதிர்வீட்டுக் கஸ்தூரி எட்டிப் பார்த்தவள், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்துகீறா வேம்பு. முத்துமுத்தா போட்டுகீறா பாரு. ஒடனே வேப்பல வைய்யி."

வேம்புலியம்மாளுக்கு வேறு சந்தேகமே வரவில்லை. அவள் பெயரே வேம்புலியம்மன் பெயர்தான். அவளுக்கும் வந்திருக்கிறது, அவள் தாய்க்கும் வந்திருக்கிறது. அம்மை வந்த வீட்டில் என்ன செய்யவேண்டும் என்பதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நிலைப்படியில் வேப்பிலை செருகினாள். தாளிப்பதை நிறுத்தினாள். வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வேப்பிலை பரப்பி மகளைப் படுக்கவைத்தாள். கம்பெனிக்கு லீவு சொன்னாள். இளநீர், நுங்கு, மோர்ச்சோறு. மருந்து மாத்திரை எதுவும் கூடாது, கொடுத்தால் வந்திருப்பவளை அவமதித்தது போல.

யுவராணிதான் கேட்டாள். "பரு வரும்னு சொன்னாங்களேம்மா. அதுவா இருக்குமோ? காவ்யா மேடத்துக்கு ஒரு போன் போடலாமா?"

"பரு மூஞ்சில வரும். இது முதுவு பூரா கீது, சீழ் வேற, ஜொரம் வேற. போன் போட்டா ஒடனே ஆஸ்பத்திரிக்கு வாம்பாங்க. ஆத்தா ஒடம்புல இருக்கசொல்ல வாசல் தாண்டலாமா?"

மூன்று மாதமாக வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் அவளைப் பிழிந்தெடுத்திருந்தன. "சரி வுடு. நாலு நாள் அந்த மாத்திர இல்லாம இருந்தா வாய்க்கும் நல்லாதான் இருக்கும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நோட்டு அலமாரியில் இருந்தது. முதல் நாள் வேம்புலியம்மாள் அதைத் தொடவில்லை. இரண்டாம் நாள் அந்தப் பெஞ்சு அம்மாளின் பேச்சு நினைவுக்கு வந்தது. பெயரை எடுத்துவிட்டால்? மகள் தூங்கும்போது நோட்டை எடுத்து, போடாத மாத்திரைக்கு டிக் அடித்தாள். டிக் அடித்த கணக்குக்கு மாத்திரைகளை டப்பாவிலிருந்து எடுத்துக் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். அன்றிலிருந்து நோட்டும் டப்பாவும் அவள் கையில், அது காலை, மாலை வேலையாயிற்று.

ஒரு வாரத்தில் முத்து வாடத் தொடங்கியது. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை நாள் விட்டு நாள் ஊற்றினாள். பதினோராம் நாள் மூன்றாம் தண்ணீர். ஆத்தா இறங்கிவிட்டாள் என்று பொங்கல் வைத்தாள். மறுநாள் திங்கட்கிழமை மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி யுவராணிக்கு முகம் எரிந்தது. சனிக்கிழமை விடிந்தால் பழையபடி முத்து, முன்னைவிட அதிகமாக.

பார்க்கப்போனால் வேம்புலியம்மாள் செய்ததும் ஒரு சோதனைதான். மாத்திரையை நிறுத்தினாள், இறங்கியது. கொடுத்தாள், ஏறியது. பெரிய ஆஸ்பத்திரியில் படித்தவர்கள் செய்வதையே அவள் தன் வீட்டில் செய்திருக்கிறாள். அவள் கண்டதும் சரிதான். அதற்கு வைத்த பெயர்தான் தப்பு. மருந்து கொடுத்த கோபத்தில் ஆத்தா திரும்பி வந்துவிட்டாள் என்று அவள் நடுங்கிப்போனாள். மறுபடி வேப்பிலை, மறுபடி வெள்ளைத் துணி, மறுபடி பொய் டிக்.

இந்த முறை பத்து நாளில் உடம்பு தேறிவிட்டது. இரண்டு தண்ணீர் ஊற்றியாயிற்று. "செவ்வாக்கெயமையே மூணாந் தண்ணி ஊத்திடு, அதுவும் அம்மன் நாளுதானே" என்றாள் கஸ்தூரி. அந்தச் செவ்வாய்தான் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாளும். வேம்புலியம்மாள் மாட்டேன் என்றுவிட்டாள். ஒருமுறை அவசரப்பட்டுத்தானே ஆத்தா திரும்பி வந்தாள், வெள்ளிக்கிழமை வரை போகட்டும்.

செவ்வாய் காலை பத்து மணிக்குக் காவ்யாவின் போன் வந்தது. "ஏம்மா வரல? இன்னிக்கு ஸ்கேன் இருக்கே."

"சொந்தத்துல ஒரு சாவு மேடம்" என்றாள் வேம்புலியம்மாள். வாய்க்கு வந்தது அதுதான். "திங்கக்கெயம வந்துடறோம்."

வெள்ளிக்கிழமை மூன்றாம் தண்ணீர் ஊற்றினாள். சாயங்காலம் மாத்திரையைத் தொடர்ந்தார்கள். திங்கட்கிழமை போனபோது யுவராணியின் கழுத்திலும் முதுகிலும் கருப்புத் தழும்புகள் இருந்தன. டாக்டர் ரேணுகா விரலால் தடவிப் பார்த்து, "இது எப்போ வந்தது?" என்று கேட்டார். யுவராணி வாயைத் திறப்பதற்குள் வேம்புலியம்மாள், "வேனக்கட்டி மேடம். இந்த வெயிலுக்கு எல்லாருக்கும் கீது" என்றாள். காவ்யா டப்பாவைக் கொட்டி எண்ணினாள். நோட்டைப் புரட்டினாள். கணக்கு ஒன்றுகூடப் பிசகவில்லை. நோட்டில் இருந்த டிக்குகள் தன் கை அல்ல என்று யுவராணிக்குத் தெரிந்துவிட்டது. அவள் அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை ஸ்கேன் முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். வயிற்றில் நீர் கோத்திருந்தது. சுருங்கிய கட்டி பெருத்திருந்தது. கல்லீரலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று.

"மருந்தை ஒழுங்கா சாப்பிட்டும் அதை மீறி வளர்ந்திருக்கு. இனி இதைக் கொடுக்கறதுல பிரயோஜனம் இல்ல யுவராணி. நிறுத்திடலாம்" என்றார் டாக்டர். அவருக்கும் முகம் வாடியிருந்தது.

காவ்யா ஒரு படிவத்தை நீட்டினாள். மருந்து பலன் தராததால் நிறுத்தப்படுகிறது என்று எழுதியிருந்தது. யுவராணி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். மிச்சமிருந்த டப்பாவையும் நோட்டையும் காவ்யா வாங்கிக்கொண்டாள்.

வெளியே பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்துவிட்டார்கள். பூந்தமல்லி பஸ் ஒன்று வந்து நின்றது. யுவராணி ஏறவில்லை.

"மருந்து தோத்துப்போச்சின்னு எயுதிகீறாங்கம்மா" என்றாள். "அது தோக்கல. நீ எனுக்குக் குட்க்கவே இல்ல."

வேம்புலியம்மாளுக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. அதோடு கூடவே ஒரு ஆசையும் வந்தது. சாப்பிடவே இல்லை என்று தெரிந்தால் மறுபடி கொடுப்பார்களே. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள், முதலில் நடந்தாள், பிறகு அறுபது வயதில் அந்த வெயிலில் ஓடினாள். யுவராணியால் ஓட முடியவில்லை. அவளைக் கேட் பக்கத்து நிழலில் உட்காரவைத்துவிட்டு இவள் மட்டும் மாடிப்படி ஏறினாள்.

டாக்டர் ரேணுகா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று வேம்புலியம்மாள் பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அது அம்மை இல்லம்மா. இந்த மருந்துக்கே வர்ற கொப்புளம். சொல்லியிருந்தா ஒரு வாரம் நிறுத்தி, களிம்பு கொடுத்து, அளவைக் கொறைச்சு மறுபடி ஆரம்பிச்சிருப்போம். நிறைய பேருக்கு அப்படித்தான் செய்யறோம்."

"பருன்னு சொன்னாங்களே மேடம். மூஞ்சில வரும்னாங்களே."

டாக்டர் காவ்யாவைப் பார்த்தார். காவ்யா உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

"எத்தனை நாள் நிறுத்தினீங்க? யோசிச்சுச் சரியா சொல்லுங்க."

வேம்புலியம்மாள் தண்ணீர் ஊற்றிய நாள்களை வைத்து விரல்விட்டுச் சொன்னாள். முதல் முறை பதினோரு நாள். இரண்டாம் முறை பதின்மூன்று. கூட்டினால் இருபத்து நாலு.

"இருபத்தொரு நாள் வரைக்கும்னா விதியில இடம் இருக்கு. அதுக்கு மேல போச்சுன்னா ஆய்வுல தொடர முடியாது" என்றார் டாக்டர். "ஆனா ஆய்வு நடத்தறவங்களுக்கு நான் எழுதிக் கேக்கறேன். நிச்சயமா கேக்கறேன்."

மூன்று நாள். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் இடையில் இருக்கிற மூன்று நாள். அவள் அங்கேயே நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நா நிறுத்தனதாலதான் வளந்துச்சா மேடம்?"

"தெரியலம்மா. நிறுத்தாம இருந்திருந்தாலும் வளர்ந்திருக்கலாம். அதை இனி யாராலயும் சொல்ல முடியாது."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள், இல்லை என்றிருந்தால் மூச்சு விட்டிருப்பாள். இந்தத் 'தெரியல'யை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள், சொல்லுங்கள். அது இன்றுவரை அவளிடம்தான் இருக்கிறது.

அடுத்த நாள் இருவரையும் வரச்சொன்னாள் காவ்யா. நோட்டில் எழுதியதை அழிக்கக்கூடாது, மை பூசவும் கூடாது. தப்பாக எழுதியவர் யாரோ அவரே ஒவ்வொரு தப்பின்மேலும் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போடவேண்டும். அதுதான் அவர்கள் முறை. வெள்ளை மாத்திரைக்கு நாற்பத்தெட்டு, மஞ்சளுக்கு ஆறு. மொத்தம் ஐம்பத்து நாலு கட்டம்.

வேம்புலியம்மாளுக்கு எழுத்துக் கூட்டி எழுதத்தான் தெரியும். பேனாவைக் கரண்டி பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டாள். யுவராணி பக்கத்தில் உட்கார்ந்து நாளைப் படித்தாள். "வியாயக்கெயம, சாய்ந்தரம்." ஒரு கோடு. 'வே' என்று ஓர் எழுத்து. தேதி. "வெள்ளிக்கெயம, காலைல." ஒரு கோடு. பத்தாவது கட்டத்திலேயே வேம்புலியம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ஒவ்வொரு கோடும் தன் மகளுக்குத் தான் கொடுக்காத ஒரு மாத்திரை என்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும். காவ்யா, மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். யுவராணி கேட்கவில்லை.

"இன்னிக்கே முடிச்சிடலாம் மேடம். எனக்கப்புறம் இத யாரோ ஒரு பொம்பள துன்னப்போறாங்கல்ல? என் பேர்ல தப்பா ஒண்ணு இருக்க வோணாம். அது வேல செஞ்சுது. நா பரோட்டா துன்னேன்."

காவ்யா எழுந்து வெளியே போய்விட்டாள். முகம் கழுவிக்கொண்டு வரும்போது கோடுகள் முடிந்திருந்தன.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. வருந்துகிறோம், விதியைத் தளர்த்த இயலாது. மருந்து நிறுத்தப்பட்ட நாள்கள் அதிகம், நோயும் வளர்ந்திருக்கிறது, இந்த நிலையில் தொடர்வது நோயாளிக்குப் பாதுகாப்பு என்று கருத முடியாது. நேர்மையான பதில்தான். அதைப் படித்துக் காட்டிய டாக்டர் ரேணுகாவின் குரல்தான் நடுவில் இரண்டு இடத்தில் நின்றது. காரணம் என்ற இடத்தில் மட்டும் மாற்றி எழுதினார்கள். 'மருந்து பலன் தரவில்லை' என்றிருந்ததை அடித்துவிட்டு, 'மருந்து உட்கொள்ளப்படவில்லை' என்று.

பழைய மருந்து ஒன்றை நரம்பில் ஏற்றிப் பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் அதையும் நிறுத்தினார்கள். வாரம் ஒருமுறை வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். தையல் மெஷின்மேல் பாதி தைத்த ரவிக்கைகள் கிடந்தன. ஊசியில் நூல் கோக்க யுவராணிக்குக் கை நிற்கவில்லை. கொடுத்தவர்கள் யாரும் வந்து கேட்கவுமில்லை.

ஆவணியில் ஒரு மத்தியானம் வேம்புலியம்மாள் மகளுக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தாள். கொப்புளம் வந்த இடங்கள் இன்னும் லேசாகக் கருத்திருந்தன. அவள் கை அங்கே வந்ததும் நின்றுவிட்டது.

"எம்மேல கோவமா யுவா?" என்றாள். மூன்று மாதமாகத் தொண்டையில் வைத்திருந்த கேள்வி.

இல்லை என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தாள். சாகப்போகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நாமும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். யுவராணி அப்படிச் சொல்லவில்லை.

"கோவம் கீதும்மா" என்றாள். "நெறிய கீது. ராவெல்லாம் அதான் நெனச்சிகினு கெடப்பேன். உன்னப் புடிச்சி உலுக்கணும் போல இருக்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அப்பால வலிக்கும். வலிச்சா உன்னத்தானே கூப்புட்றேன். வேற யார் கீறாங்க எனுக்கு."

வேம்புலியம்மாள் துண்டை மறுபடி நனைத்துப் பிழிந்தாள். "தொட" என்றாள் யுவராணி, "இன்னும் கொஞ்சம் கீய." தாய் துடைத்தாள். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை காலை யுவராணி போய்விட்டாள். வலிக்கு மருந்து கொடுத்திருந்ததால் தூக்கத்திலேயே. காவ்யா வந்திருந்தாள். கூடத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு யாரிடமும் பேசாமல் அழுதாள். போல்ட் கம்பெனியிலிருந்து மாலை வந்தது. அதில் ஹவுஸ்கீப்பிங் என்று எழுதியிருந்தது.

தெருப் பெண்கள் வேம்புலியம்மாளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கஸ்தூரி அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டுமே.

"அழாத வேம்பு. ரெண்டு தபா வந்து பாத்துட்டுப் போனாளே ஆத்தா. அவளுக்கு நம்ம யுவாவப் புட்சிப்போச்சி. அதான் கூட்டிகினு போய்ட்டா."

வேம்புலியம்மாள் மகளின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆத்தா வரல கஸ்தூரி" என்றாள். "மருந்துதான் வந்துச்சி. நான்தான் வாசல்ல வேப்பல கட்டி அனுப்பிவுட்டேன்."